அடிப்பக்கம்

செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.
வெள்ளை ஓடு பதித்த தரை,
எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.
ஆகவே பாட்டா, ரப்பர், வார் அறுந்து ஊசி குத்தியது
எல்லாம் வெளியே வெயிலில் வேக
உள்ளே
பத்து விரலுக்கும் பாரிஸ் குதிகால் ஏறும்.

ஆரையம்பதி முடிந்து காத்தான்குடி தொடங்குகிற இடம்.
எந்தப் பக்கத்துக் கடை என்று
கரண்ட் பில் கொண்டுவருகிறவருக்கே சந்தேகம்.

நான் குதிகால் போட்டு நடந்ததில்லை.
எங்கள் ஒழுங்கை மணல்.
ஊன்றினால் மறுகா ஆள்தான் எழும்பும்,
செருப்பு எழும்பாது.
நகத்தில் கட்டத் தெரியும், அவ்வளவுதான்.
ஊசிக்குதிக்கு நுனியை ராவி ராவிக் கூராக்குவேன்.
பாலே சப்பாத்தென்றால் சதுரமாய் வெட்டி
மூன்று முடித் தூரிகையால் ரிப்பன் கட்டுவேன்.
போன மாசம் செலஸ்டின்,
பேர்கர் வீட்டுக் கலியாணத்தில் ஆடுவதற்கு,
பெருவிரல் பிரிந்த சப்பாத்தொன்றின் படத்தோடு வந்தாள்.
இரண்டு மணித்தியாலம்.
நகத்தின் நடுவே பிளவு, ஓரத்தில் வெள்ளிக் கொக்கி.
முடித்துப் பார்த்தால்
பத்து விரலிலும் ஆட்டுக் குளம்பு.
கண்ணாடியைப் பார்த்து "மே" என்றாள்.
காசு முழுதாய்த் தந்தாள்.

நுஸ்கியா வந்தது ஒரு செவ்வாய், ளுஹருக்குப் பிறகு.
அபாயாவின் கைநுனியை மடித்துவிட்டு
விரல்களை மேசையில் பரப்பினாள்.
ப்ளீச் தின்ற விரல்கள்.

"ஏழு நாளைக்குத்தான் கா.
மறுகா ஊறவெச்சு எடுத்துப்போடணும்."
நான் கேட்கவில்லை.
இந்த ஊரில் நகம் பூசுகிறவளுக்கு
ஆருக்கு எப்போது தொழுகையில்லை என்பது தெரியும்.
பூச்சுக் குப்பி மாதிரி
வாயை இறுக்கித் திருகி வைக்கவும் தெரியும்.

"மேல ஒண்டும் வேணாம். கீழ மட்டும்."
கீழேயா?
விரலைக் கிறுக்கி நகத்தின் அடியைக் காட்டினாள்.
"இதில சிவப்பு."

குவைத்தில் ஆறு வருசம்.
சப்பாத்துக்கென்றே ஓர் அறை, அதற்கு ஏசி.
நுஸ்கியா படுத்தது உடுப்பு அயன் பண்ணுகிற மேசைக்குக் கீழே.
அறுபத்து மூன்று சோடி.
வாங்குகிற மேடம் மேற்பக்கம் பார்ப்பாள்,
மேடத்தைப் பார்க்கிறவர்களும் மேற்பக்கம்தான்.
அடியைத் துடைக்கிறவளுக்கு அடி.
மேலே கன்னங்கறுப்பு,
கவிழ்த்தால் வெற்றிலை போட்ட வாய்.
"பல்லுக் குத்துற குச்சியால மண்ணெடுப்பன் கா.
இவ்வளவு வடிவ ஆராச்சும் மிதிப்பாங்களா?"

நகத்துக்குக் கீழே பூசுவது லேசில்லை.
நீட்டுநகம் ஒட்டி
இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க வைக்கச் சொன்னேன்.
ஏந்தினாள்.
"தொழுகைக்குத்தான் லீவு, துஆவுக்கு இல்ல."
சிரித்தாள்.
சிரிப்பு முடிந்த பிறகும்
லாம்பின் நீல வெளிச்சத்தில் அப்படியே இருந்தாள்.
உதடு கொஞ்சம் அசைந்தது.
என்ன கேட்டாளோ.
தூரிகையை நான் மெதுவாக்கினேன்.

எதிரே நிற்கிறவருக்கு அது பூசாத கை.
மீன் கழுவின, பிள்ளைக்குப் பேன் பார்த்த,
ஏஜென்சி ஃபோமில் பேர் எழுதின கை.
ஏந்தினால் பத்துச் சிவப்பு,
அவளுக்கு மட்டும்.

"அடிப்பக்கம் மட்டும்தானே, அரை விலையாப் போடுங்க."
"அடிப்பக்கம்தான் கரைச்சல். கழுத்து நொந்தது ஆருக்கு?"
இரண்டாயிரத்து ஐந்நூறில் நின்றோம்.

படியில் ஒற்றைச் செருப்பொன்று கவிழ்ந்து கிடந்தது.
கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை என்பார்கள்.
குதிப்பக்கம் தேய்ந்து ஓட்டை,
ஓட்டைக்குள் மணல்.
என்னுடையதுதான்.
நுஸ்கியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்,
தொழில் தெரிந்தவள் பார்க்கிற மாதிரி.
கை ஒருதரம் அசைந்தது.
பிறகு
கால்விரலால் தட்டி நிமிர்த்திவிட்டு
தன் செருப்பைத் தேடினாள்.